படத்தைப் பார்த்தாலே படபடப்பா? அறிகுறிகளும் உரிமைகளும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தால் போதும், முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பகுதிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் குவியத் தொடங்கிவிடும். கழுத்தளவு தண்ணீர், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கார்கள், மொட்டைமாடியில் கையசைக்கும் குடும்பம். அவற்றில் பல அந்த ஆண்டுப் படங்களே அல்ல. 2015 டிசம்பரிலோ, 2023 மிக்ஜாம் புயலின்போதோ எடுக்கப்பட்டவை.

ஒரே படத்தை ஒரு வீட்டில் மூன்று பேர் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் “இது பழசு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறார். இன்னொருவர் அடுத்த படம், அடுத்த வீடியோ என்று தேடிக்கொண்டே போய், விடியும்வரை ஏரி நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாமவருக்கு எதுவுமே தோன்றவில்லை. படத்தில் இருப்பது சொந்தத் தெருவாக இருந்தும் அப்படித்தான். வீட்டில் முதலாமவருக்கு ‘தைரியசாலி’, இரண்டாமவருக்கு ‘பயந்தாங்கொள்ளி’, மூன்றாமவருக்கு ‘கல்நெஞ்சு’ என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

இந்தப் பெயர்கள்தான் சிக்கல். காட்சிகளைக் கண்டு மனம் காட்டும் எதிர்வினை ஒருவரின் குணத்துக்குச் சான்றிதழ் அல்ல. மனப்பதற்றமும் மனச்சோர்வும் நாம் எதைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம், பார்த்தபின் என்ன உணர்கிறோம் என்ற மூன்றையுமே மாற்றிவிடுகின்றன. காய்ச்சலில் உடம்பு சுடுவதற்கு யாரும் குணத்தைக் குறை சொல்வதில்லை. இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அறிகுறி என்று புரிந்துகொண்டால் சிகிச்சை கேட்கலாம். அந்தச் சிகிச்சை சட்டம் தந்திருக்கும் உரிமை.

தாம்பரத்துக்கு ஏன் இது முக்கியம்?

2015 டிசம்பர் 1 அன்று பெய்யத் தொடங்கிய மழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது சுமார் 49 செ.மீ. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மின்சாரமும் செல்போன் சிக்னலும் போய், மாடிகளில் காத்திருந்தவர்கள் ஏராளம். எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அதே பகுதிகளும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடியும் தண்ணீரில் நின்றன.

வெள்ளத்தை நேரில் பார்த்தவருக்கு வெள்ளப் படம் வெறும் செய்தி அல்ல. அந்த இரவின் சத்தம், நாற்றம், கையில் பிடித்திருந்த குழந்தை எல்லாவற்றையும் அது திரும்ப இழுத்து வருகிறது. வெள்ளம் மட்டும் இல்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஓடும் ரயிலின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் தினமும் போய்வரும் பெண்களுக்கு அந்த நடைமேடையின் படம் எங்கோ நடந்த சம்பவத்தின் படமாக இருக்க முடியாது. அவர்கள் தினமும் நிற்கும் இடம் அது. நாம் புழங்கும் இடம் படத்தில் இருக்கும்போது ‘இது எனக்கும் நடக்கும்’ என்ற எண்ணம் சுலபமாக வந்துவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வது

உணர்ச்சிக்கும் காட்சிக்கும் உள்ள உறவை அளக்க, அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பீட்டர் லாங், மார்கரெட் பிராட்லி ஆகியோர் ஒரு படத் தொகுப்பை உருவாக்கினார்கள். சிரிக்கும் குழந்தை, சாதாரண நாற்காலி, பாயும் நாய், விபத்துக் காட்சி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு இனிமையாக இருக்கிறது, எவ்வளவு கிளர்ச்சி தருகிறது என்று பலரிடம் மதிப்பெண் வாங்கிவைத்தார்கள். உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் இத்தகைய படங்களைக் காட்டி, இதயத் துடிப்பு, வியர்வை, கண் சிமிட்டல், கண்ணின் ஓட்டம், மூளையின் மின்னலைகள் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள்.

மனப்பதற்றம் உள்ளவர்களிடம் இந்த ஆய்வுகள் கண்டது, அபாயத்தின் பக்கம் ஓடும் கவனம். ஒரு கோபமுகத்தையும் ஒரு சாதாரண முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால், பதற்றம் மிகுந்தவரின் கவனம் கோபமுகத்துக்கே முதலில் போகும் போக்கு தெரிகிறது. 1986இல் காலின் மெக்லியோடும் சகாக்களும் செய்த சோதனையில் தொடங்கி, எத்தனையோ ஆய்வுகள் இதை ஆராய்ந்துவிட்டன. 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மட்டுமே 172 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து இந்தப் போக்கை உறுதி செய்தது. பதற்றக்காரர், வாட்ஸ்அப் குழுவில் வரும் இருபது படங்களில் மோசமான படத்தில் போய் நிற்பது அவர் வேண்டுமென்றே செய்வதல்ல. நிதானமாக யோசிக்கும் முன்பே கவனம் அங்கே போய்விடுகிறது.

மனச்சோர்வின் கதை வேறு. “சோர்வில் இருப்பவர் சோகப் படத்தைப் பார்த்து அதிகமாக அழுவார்” என்றுதான் நாம் நினைப்போம். ஆய்வக முடிவுகள் அப்படிச் சொல்லவில்லை. 2008இல் லாரன் பில்ஸ்மா, ஜொனதன் ராட்டன்பெர்க் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடும் மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இனிமையான காட்சிகளிடம் உணர்ச்சி குறைந்திருந்தது. துயரக் காட்சிகளிடமும் குறைந்தே இருந்தது. அதாவது மேளமும் கேட்கவில்லை, ஒப்பாரியும் கேட்கவில்லை என்ற நிலை. கண்ணின் ஓட்டத்தைப் பதிவு செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. மகிழ்ச்சியான படங்கள்மீது இவர்கள் பார்வை நிலைப்பதில்லை. சோகமான படத்தில் விழுந்த பார்வை சீக்கிரம் விலகுவதும் இல்லை.

நம் வீடுகளில் இது எப்படி ஒலிக்கும்? “பேரன் போட்டோ அனுப்பினாங்க, பார்த்தேன். ஒண்ணும் தோணல.” “எல்லாரும் அழுதாங்க, எனக்குக் கண்ணீரே வரல டாக்டர்.” இப்படிப் பேசுபவர் பாசம் அற்றவர் அல்ல. உணர்வு மரத்துப்போவது மனச்சோர்வின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. அழுகிறவரைக் கவனிக்கும் வீடு, அழாமல் உட்கார்ந்திருப்பவரைத் தவறவிட்டுவிடுகிறது. பதற்றமும் சோர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருப்பதும் சகஜம். பகலெல்லாம் மரத்துப்போயிருப்பவர் ராத்திரி ஒரு வீடியோவில் பதறி எழுவதைப் பார்த்து, “நடிக்கிறார்” என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இவையெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த சராசரிப் போக்குகள். ஒரு படத்தைக் காட்டி ஒரு தனிமனிதருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஃபேஸ்புக்கில் சுற்றும் ‘முதலில் தெரிவது மரமா, முகமா? உங்கள் மனச்சோர்வை அறியுங்கள்’ வகைச் சோதனைகளுக்கு எந்த மருத்துவ மதிப்பும் கிடையாது.

திரையில் பார்த்தாலும் பாதிக்குமா?

2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அலிசன் ஹோல்மன், ராக்சேன் கோஹன் சில்வர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அடுத்த சில வாரங்களில் 4,675 பேரிடம் விசாரித்தார்கள். முதல் வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அது பற்றிய செய்திகளையும் காட்சிகளையும் பார்த்தவர்களிடம் காணப்பட்ட கடும் மன அழுத்தம், சம்பவ இடத்தில் இருந்தவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. இதில் எது காரணம், எது விளைவு என்று ஒரே பக்கமாகச் சொல்லிவிட முடியாது. பதறுகிறவர் அதிகம் பார்க்கிறார், அதிகம் பார்ப்பதால் இன்னும் பதறுகிறார். அடுத்த சம்பவம் நடக்கும்போது முன்னைவிட அதிகமாகப் பார்க்கிறார். சில்வர் குழுவினரின் 2019 ஆய்வு இந்தச் சுழலைத்தான் காட்டியது.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க மனநலக் கையேடு, தொலைக்காட்சியிலோ படத்திலோ பார்த்ததைப் பொதுவாக ‘பேரதிர்ச்சி நிகழ்வு’ என்று ஏற்பதில்லை. வேலைக்காகப் பார்க்க நேர்ந்தால் மட்டும் ஏற்கிறது. சடலத்தைப் படமெடுக்கும் காவல்துறைப் புகைப்படக்காரர், விபத்துச் செய்தியை வெட்டி ஒட்டும் தொலைக்காட்சிப் படத்தொகுப்பாளர், சமூக ஊடகப் பதிவுகளைச் சலிக்கும் ஐ.டி. ஊழியர் எல்லோரும் இதில் வருவார்கள். ஃபேஸ்புக் நிறுவனம் அமெரிக்காவில் இத்தகைய ஊழியர்கள் தொடுத்த வழக்கில் 5.2 கோடி டாலர் தர 2020இல் ஒப்புக்கொண்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் இரவுப் பணியில் இப்படி வேலை செய்கிறவர், மனநல ஆலோசனையையும் வேறு பிரிவுக்கு மாற்றத்தையும் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்டு, நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மோசமான படத்தைப் பார்த்து ஒரு நாள் மனம் கலங்குவது இயல்பு. கீழே உள்ளவற்றில் ஏதாவது தொடர்ந்தால் தாமதிக்கக் கூடாது:

1. மகிழ்ச்சி தந்த படம், பாட்டு, சினிமா, ஆட்கள் எதுவும் பிடிக்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி சோர்வாகவே இருப்பது.

2. பார்த்த காட்சி, கூப்பிடாமலே மனக்கண்ணில் திரும்பத் திரும்ப வருவது, கனவில் துரத்துவது. நேரில் ஆபத்தைச் சந்தித்தவருக்கு இது ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பது.

3. தூறல் விழுந்தாலே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் இருப்பது.

4. பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் படங்களைத் தேடிப் பார்ப்பதை நிறுத்த முடியாமல் தூக்கம் கெடுவது.

5. குழந்தைகள் அதே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைவது, விளையாட்டில் நடிப்பது, மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்குவது.

6. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருவது. இதற்கு வாரக் கணக்கு கிடையாது. அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

படபடப்போடு மார்வலியும் இருந்தால் ‘மனசு சம்பந்தப்பட்டது’ என்று விட்டுவிடாமல் முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை உண்டா? உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் இரண்டு நோய்க்குமே பலன் தருபவை. மாத்திரையின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நடுவில் நாமாக நிறுத்தக் கூடாது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும், தூக்கத்துக்காகக் குடிப்பதும் நிலைமையை மோசமாக்கும். படத்தையும் மழையையும் ஒரேயடியாகத் தவிர்த்துக்கொண்டே போனாலும் பயம் வேரூன்றும். எதை, எப்போது, எவ்வளவு எதிர்கொள்வது என்பதை மருத்துவரோடு சேர்ந்து திட்டமிடுவதே சரி.

‘கவுன்சிலர்’ பலகை மாட்டிய எல்லோரும் தகுதி பெற்றவர்கள் அல்ல. மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிலும் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சாதாரண மனிதர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை.

சிகிச்சை பெறும் உரிமை: அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில், கட்டுப்படியாகும் செலவில், பாகுபாடின்றி மனநலச் சிகிச்சை பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு (பிரிவு 18). வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் ஆதரவற்றோருக்கும் அது இலவசம்.

ரகசியம் காக்கும் உரிமை: உங்கள் நோய், சிகிச்சை பற்றிய தகவலைச் சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது (பிரிவு 23). மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது (பிரிவு 24).

காப்பீடு: உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் தர வேண்டும் (பிரிவு 21). எல்லா நிறுவனங்களும் 2022 அக்டோபர் 31க்குள் இதைச் செயல்படுத்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. உரிமைகோரல் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

தற்கொலை முயற்சி: முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கருதுகிறது. வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய, அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை (பிரிவு 115). ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது உயிருக்கே ஆபத்து.

இந்த உரிமைகள் மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

படங்களைப் பரப்புவோருக்கும் சட்டம் இருக்கிறது. பேரிடர் குறித்துப் பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி கிளப்பினால், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 54இன்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். ‘ஏரி உடைந்துவிட்டது’ என்று பழைய வீடியோவை அனுப்புகிறவர் இதில் மாட்டலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72இன்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66இ-யின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. இரத்தம், சடலம், அடிதடிக் காட்சிகளை மறைக்காமல் காட்டக் கூடாது என்று தொலைக்காட்சிகளுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 ஜனவரி 9 அன்று அறிவுறுத்தியிருக்கிறது.

உங்கள் படத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் பதறி அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, அனுப்பியவரின் எண், நேரம் ஆகியவற்றைச் சேமித்து, 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் செய்யுங்கள். தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் பகுதிகளுக்கு 2022 ஜனவரி முதல் தனி மாநகரக் காவல் ஆணையரகம் இருக்கிறது. அங்கும் புகார் தரலாம்.

எங்கே போவது, யாரை அழைப்பது?

14416: டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல அழைப்பு. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை என்ற பெயரில் இயங்குகிறது. பகலோ இரவோ தமிழிலேயே பேசலாம்.

104: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை உங்கள் பகுதியில் எங்கே பார்க்கலாம் என்று இங்கே கேளுங்கள்.

044-24640050: சினேகா. 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு.

1098: குழந்தைகளுக்கு. 112: உடனடி ஆபத்தில்.

நேரில் போக, தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிகளையும் பார்க்கிறார்கள். அங்கே போனாலே ‘உள்ளே போட்டுவிடுவார்கள்’ என்பது வீண் பயம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்தி, தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய 2015–16 தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வைச் சந்தித்திருந்தார். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை. அதற்கு வெட்கமும் ஒரு காரணம்.

வீட்டிலும் குழுவிலும்

மழை நாட்களில் செய்தியைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று நேரம் வைத்துப் பாருங்கள். வானிலை மையம், மாவட்ட நிர்வாகம், தாம்பரம் மாநகராட்சி ஆகியவற்றின் அறிவிப்பே போதும். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாகத் தரவிறங்குவதை அமைப்புகளில் போய் நிறுத்திவிடலாம். படுக்கையறைக்குள் போன் வேண்டாம்.

குழு நிர்வாகிகள் ஒரு விதி வைக்கலாம்: தேதியும் இடமும் இல்லாத வெள்ளப் படம், சடலப் படம், விபத்து வீடியோ எதுவும் போடக் கூடாது. உண்மையான காட்சியையும் அளவோடு பகிர வேண்டும். மிக்ஜாம் மழையில் பெருங்களத்தூர் அருகே முதலை சாலையைக் கடந்த வீடியோ உண்மைதான். அதிகாரிகள் விளக்கம் தந்து, பதற வேண்டாம் என்று சொன்ன பிறகும் பலருக்குப் போய்ச் சேர்ந்தது விளக்கம் இல்லாத வீடியோதான். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அண்டைவீட்டாருக்குச் சொல்ல ஒரு வரி எழுத்தே போதும்.

வீட்டில் ஒருவர் படத்தைப் பார்த்துப் பதறினால் “இதுக்கெல்லாமா பயப்படுவ?” என்று கேட்காதீர்கள். ஒன்றுமே தோன்றாமல் உட்கார்ந்திருந்தால் “உனக்கு மனசே இல்லையா?” என்றும் கேட்காதீர்கள். “எத்தனை நாளா இப்படி இருக்கு? தூக்கம் வருதா? டாக்டரைப் பார்க்கலாமா, நானும் கூட வர்றேன்” என்று கேளுங்கள். அவர் மறுத்தால் நீங்களே 14416ஐ அழைத்து, எப்படிப் பேசுவது என்று யோசனை கேட்கலாம். குடும்பத்தாருக்கும் அந்த எண் பதில் சொல்லும். அடுத்த மழைக்கு முன் அதை உங்கள் போனில் சேமித்து, குடியிருப்போர் சங்க அறிவிப்புப் பலகையிலும் எழுதி வையுங்கள்.